பிரித்துப் பார்த்துப் படித்த மேதை ஜி. டி. நாயுடு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவன் எழுதியது

விஞ்ஞானி என்றதும் நம் கண்முன்னே தோன்றுவன கண்ணாடிக் குடுவைகளும், கரும்பலகை நிறைந்த சமன்பாடுகளும், பெயருக்குப் பின்னே வரிசையாக நிற்கும் பட்டங்களுமே. அத்தகைய பெருமை நம் திருச்சி மண்ணுக்கும் உண்டு. நான் குடியிருக்கும் திருவரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில்தான் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சர் சி. வி. இராமன் பிறந்தார். இயற்பியல் மாணவனாகிய நான் காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவ்வூரைக் கடந்துதான் கல்லூரிக்கு வருகிறேன். ஆனால் இக்கட்டுரை அவரைப் பற்றியது அன்று. அவரே வியந்து பாராட்டிய வேறொருவரைப் பற்றியது. அவருக்குப் பட்டம் கிடையாது. தொடக்கப் பள்ளிக்கு மேல் அவர் படிக்கவும் இல்லை. அவருடைய முதல் பாடநூல் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அவர்தாம் கோவை தந்த மேதை ஜி. டி. நாயுடு.

இவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. என் தந்தையார் ஒரு மோட்டார் மெக்கானிக். பாலக்கரையை ஒட்டிய ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்டுத் தொழில் செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கல்லூரியில் சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் சுயதொழில் என்று எழுதினேன். அது பொய்யன்று. ஆயினும் மெக்கானிக் என்று எழுத என் கை கூசியது என்பதே உண்மை. அந்தக் கூச்சம் எவ்வாறு போயிற்று என்பதும் இக்கட்டுரையில் ஓரிடத்தில் வரும். ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கலங்கல் கிராமத்துச் சிறுவன்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோபாலசாமி துரைசாமி நாயுடு பிறந்தார். உழவர் குடும்பம். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிக்கு அனுப்பினார்கள். திண்ணையில் உட்கார்ந்து எழுத்துகளைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும் அந்தக் காலத்துப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்று இன்றும் கதையாகச் சொல்வார்கள். கதை எப்படியாயினும் பள்ளிப் படிப்பு அத்துடன் முடிந்தது. பிறகு தோட்டத்து வேலையும், கைக்குக் கிடைத்த நூல்களைத் தாமே படிப்பதுமாக வளர்ந்தார்.

இதைப் படித்துவிட்டு நாமும் ஆசிரியர் மீது மண் வீசினால் மேதையாகலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பள்ளியை விட்டு ஓடியவர்கள் அந்நாளில் ஆயிரம் ஆயிரம் பேர். அவர்களுள் ஒருவர்தாம் ஜி. டி. நாயுடு ஆனார். ஓடியது அவரை உயர்த்தவில்லை. ஓடிய பிறகு அவர் எதைப் பார்த்து நின்றார் என்பதே அவரை உயர்த்தியது.

ரட்ஜ் மோட்டார் சைக்கிள்

அவருக்கு ஏறத்தாழ என் வயது இருக்கும். வருவாய்த் துறையைச் சேர்ந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து போவதைக் கண்டார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே ஓடிய சாலையில், இழுக்க எந்த விலங்கும் இன்றித் தானே ஓடும் வண்டியைக் கண்ட பலரும் வாய் பிளந்து நின்றிருப்பார்கள். பிறகு தத்தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இவர் மட்டும் அதை எப்படியாவது வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

கையில் காசில்லை. ஊரை விட்டுக் கோவைக்கு வந்து ஒரு ஓட்டலில் சர்வராக வேலைக்கு அமர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, பரிமாறிக் கிடைத்த சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அதே அதிகாரியிடம் சென்று அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார்? ஏறி ஊர் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார். மீண்டும் பூட்டினார். மறுபடியும் பிரித்தார். ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்தது, எதோடு சேர்கிறது, எதற்காக அங்கே இருக்கிறது என்பது மனத்தில் படியும் வரை இது நடந்தது. அந்தப் பயிற்சி அவரை ஒரு மெக்கானிக் ஆக்கியது.

அந்த வண்டி இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரிலிருந்த ரட்ஜ் விட்வொர்த் கம்பெனியின் 1912ஆம் ஆண்டு மாடல். அந்நாளில் ரட்ஜ் வண்டிகள் வேகத்துக்குப் பெயர் பெற்றவை. 1914ஆம் ஆண்டு மேன் தீவில் நடந்த புகழ்பெற்ற சீனியர் டி.டி. பந்தயத்தில் வென்றதும் ரட்ஜ்தான். அதன் எஞ்சினுக்கு ஒரே சிலிண்டர். சிலிண்டரின் உள்விட்டம் 85 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களைக் கொண்டு உருளையின் கன அளவைக் கணக்கிட்டால் 499 கன சென்டிமீட்டர் வரும். எஞ்சினின் சி.சி. என்று நாம் சொல்வது இதைத்தான். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே நுழையும் வால்வு மேலே இருக்கும்; எரிந்த புகை வெளியேறும் வால்வு பக்கத்தில் இருக்கும். எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்ல ஒரு பெல்ட்.

ஏட்டைப் பார்க்காமல் இவற்றையெல்லாம் கையாலேயே கண்டறிவது எவ்வளவு கடினம் என்பது, ஒரு முறையாவது நட்டு ஒன்று மிச்சமாகிப் போன அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

கார்புரேட்டர் சொல்லும் பாடம்

பழைய எஞ்சினில் புதியவரை மிகவும் திணற வைக்கும் உறுப்பு கார்புரேட்டர். பெட்ரோல் திரவமாகவே சிலிண்டருக்குள் போனால் பயனில்லை. காற்றோடு சரியான அளவில் கலந்து, பனிபோல் சிதறிப் போக வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவையைத் தயாரிக்கும் சமையற்காரர்தாம் கார்புரேட்டர்.

அதில் ஒரு சிறு தொட்டி உண்டு. அதற்குள் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்தால் மிதவை எழும்பி வழியை அடைக்கும்; குறைந்தால் இறங்கி வழியைத் திறக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் காற்று செல்லும் குழாய். அக்குழாயின் நடுப்பகுதி கழுத்துப் போல் குறுகியிருக்கும். குறுகிய இடத்தில் காற்று விரைந்து ஓடும். விரைந்து ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த அந்த இடத்தில், ஜெட் எனப்படும் நுண்துளை வழியாகப் பெட்ரோல் தானே மேலெழுந்து காற்றில் சிதறும். நண்பர்களே, இது வேறொன்றும் அன்று. முதலாண்டில் நாம் படித்த பெர்னூலி தத்துவமே ஆகும்.

கலவையில் பெட்ரோல் மிகுந்தால் ஸ்பார்க் பிளக்கின் முனையில் கரி படியும், புகை கறுக்கும். காற்று மிகுந்தால் முனை வெளுத்துப் போகும், எஞ்சின் சூடேறும். நல்ல மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் காட்டி, நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போன்றது இது.

பெர்னூலி தத்துவத்தைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அப்பா ஒரு நாள் கார்புரேட்டர் ஒன்றைக் கழற்றி என் கையில் கொடுத்து, ஜெட் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது நான் விழித்தேன். எனக்குக் காரணம் தெரியும், இடம் தெரியாது. அவருக்கு இடம் தெரியும், காரணத்தை விளக்கத் தெரியாது. அன்று எங்கள் இருவருக்கும் இடையே அந்தக் கார்புரேட்டர் இருந்தது. நாயுடு அவர்களின் வாழ்க்கை வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பாலக்கரைக்கு வந்த பந்தயக் கார்

நாயுடு அவர்களின் வரலாற்றை இங்கே சற்று நிறுத்தி, வாசகர்களைத் திருச்சிக்கு ஒரு முறை அழைத்து வர விரும்புகிறேன். அவர் ரட்ஜ் வண்டியைப் பிரித்துப் பார்த்ததன் பொருள் எனக்கு விளங்கியது எங்கள் கொட்டகையில்தான்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு செல்வந்தர் பழைய கார் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டு வந்தார். மேற்கூரை இல்லாத, இருவர் மட்டுமே அமரக்கூடிய, தாழ்ந்த சிவப்பு வண்டி. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். 1962ஆம் ஆண்டு முதல் 1980ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட வகை. அதுவும் கவென்ட்ரி நகரத்துக் கம்பெனியின் படைப்புத்தான். வண்டி முழுவதும் அசல், எஞ்சினும் அசல், ஓட வைத்துக் கொடுத்தால் போதும் என்றார் வந்தவர். நல்ல விலைக்குக் கேட்டு ஆள் காத்திருப்பதாகவும் சொன்னார்.

அப்பா முன்மூடியைத் தூக்கினார். சில நொடிகள்தாம் பார்த்திருப்பார். இது ஹெரால்டு எஞ்சின் போலிருக்கிறது என்று மெல்லச் சொன்னார். வந்தவருக்கு முகம் மாறிவிட்டது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது 1961ஆம் ஆண்டு முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்த குடும்பக் கார். ஒரு காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் ஆசையோடு வைத்திருந்த வண்டி. அது ட்ரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறவி. ஹெரால்டு எஞ்சினும் ஸ்பிட்ஃபயர் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அண்ணன் தம்பி போல வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தியும் கொள்ளும். ஆகவே எப்போதோ ஒரு காலத்தில் அசல் எஞ்சின் பழுதாகி, உதிரிப் பாகம் கிடைக்காத நிலையில், யாரோ ஒரு மெக்கானிக் நம் நாட்டு எஞ்சினைத் தூக்கி வைத்து வண்டியை ஓட வைத்திருக்கிறார். அவர் செய்தது குற்றமன்று. அதை மறைத்து விற்பதுதான் குற்றம்.

அப்பா முதலில் பார்த்தது கார்புரேட்டரை. தொடக்க கால ஸ்பிட்ஃபயருக்கு இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்கள். எஸ்.யு. வகையைப் பத்தடி தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். தலையில் மணி கவிழ்த்தது போன்ற ஒரு குமிழ் இருக்கும். அதற்குள் ஒரு பிஸ்டன். எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ப அது ஏறி இறங்கிக் கழுத்தின் அகலத்தைத் தானே மாற்றிக் கொள்ளும். பிஸ்டனோடு சேர்ந்த கூம்பு வடிவ ஊசி ஒன்று ஜெட்டின் துளையையும் கூட்டிக் குறைக்கும். சோலக்ஸ் வகையிலோ கழுத்து மாறாது. வேலைக்கு ஒன்றாகத் தனித்தனி ஜெட்டுகள் இருக்கும். அந்த வண்டியில் இருந்தது ஒற்றை சோலக்ஸ்.

ஆனால் கார்புரேட்டரை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்றார் அப்பா. கார்புரேட்டரை யார் வேண்டுமானாலும் அரை நாளில் மாற்றிவிடலாம். அடுத்துப் பார்க்க வேண்டியது எஞ்சின் எண். தொடக்க கால ஸ்பிட்ஃபயர் எஞ்சின்களில் அந்த எண் எஃப்.சி. என்னும் எழுத்துகளோடு தொடங்கும். இந்த வண்டியின் பிளாக்கில் எண் இருக்க வேண்டிய இடம் அரத்தால் தேய்க்கப்பட்டு வழவழவென்று இருந்தது. எண்ணும் கைவிட்ட பின்பு மிஞ்சியது ஒன்றே ஒன்று. சிலிண்டரையே அளந்து பார்ப்பது.

தலையைக் கழற்றினோம். கல்லூரிச் சோதனைச் சாலையில் வெர்னியர் பிடித்த பழக்கம் அன்று எனக்குக் கைகொடுத்தது. ஹெரால்டின் உள்விட்டம் 63 மில்லிமீட்டர், 1147 சி.சி. ஸ்பிட்ஃபயரின் உள்விட்டம் 69.3 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் இரண்டிலும் ஒன்றே, 76 மில்லிமீட்டர். ஆகவே உள்விட்டம்தான் நீதிபதி. நான் நான்கு சிலிண்டர்களையும் அளந்தேன். 63.5 வந்தது. ஸ்பிட்ஃபயர் இல்லை என்பது தெளிவு. ஆனால் ஹெரால்டு என்றால் அரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? என் அளவையில் பிழையோ என்று மறுபடியும் அளந்தேன். அப்பா சிரித்தார். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, 0.020 அங்குலம் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள் என்றார். 0.020 அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றினேன். 0.508. ஏறத்தாழ சரியாக அந்த அரை மில்லிமீட்டர்! கணக்குப் போட்டுக் காட்டினேன். கம்பெனி அளவில் 948 சி.சி.; கடைந்த பிறகு ஏறத்தாழ 963 சி.சி.

வண்டிக்காரர் விவரத்தைப் பில்லில் எழுத வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். கொஞ்சம் கூடுதலாகத் தருவதாகவும் சொன்னார். அந்த மாதம் எனக்குக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, உள்ளதை உள்ளபடி எழுது என்றார். எஞ்சின் ஹெரால்டு, உள்விட்டம் 63.5, கார்புரேட்டர் ஒற்றை சோலக்ஸ் என்று நான்தான் எழுதினேன். வண்டி வந்த லாரியிலேயே திரும்பிப் போயிற்று. பிரித்துப் பூட்டிய கூலி மட்டும் கிடைத்தது. கட்டணத்தை அப்பா கடன் வாங்கிக் கட்டினார்.

பெயர்ப் பலகையை நம்பாதே, திறந்து பார், அளந்து பார், பார்த்ததைச் சொல் என்பதுதானே நாம் சோதனைச் சாலையில் படிக்கும் விஞ்ஞானம்? அதை நான் முழுமையாகக் கண்டது தகரக் கொட்டகையில். கலங்கல் இளைஞர் ரட்ஜ் வண்டியை வைத்துக் கொண்டு செய்ததும் இதுவே என்பது அன்று புரிந்தது.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

இனி நாயுடு அவர்களிடம் திரும்புவோம். மெக்கானிக் தொழில் கற்றவர் அதோடு நிற்கவில்லை. திருப்பூரில் பஞ்சு அரைக்கும் தொழில் நடத்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பொருள் சேர்ந்தது. பம்பாய்ப் பருத்திச் சந்தையில் அந்தப் பொருளை இழந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பியவருக்குக் கோவையில் தொழில் நடத்தி வந்த ஸ்டேன்ஸ் துரை கைகொடுத்தார். அந்த உதவியோடு ஒரு பஸ் வாங்கி, 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே.

ஒரு பஸ் பல பஸ்கள் ஆயின. யு.எம்.எஸ். என்பது கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று. நாட்டிலேயே திறமையாக நடத்தப்பட்ட பஸ் நிறுவனங்களுள் ஒன்றென அது புகழ் பெற்றது. பஸ் நேரத்துக்குப் புறப்பட வேண்டும், நேரத்துக்குச் சேர வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். டிக்கெட் வழங்கும் பொறி, எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி முதலியனவும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. வழியில் நின்ற பிறகு வண்டியைப் பழுது பார்ப்பதைவிட, நிற்பதற்கு முன்பே நோயைக் கண்டுபிடிப்பதுதான் சிறந்தது என்பதை ரட்ஜ் வண்டியைப் பிரித்தவர் அறியாமல் இருப்பாரா?

கண்டுபிடிப்புகள்

பஸ் தொழிலோடு அவர் மனம் அடங்கவில்லை. 1937ஆம் ஆண்டில் கோவை பீளமேட்டில், டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களின் துணையோடு, இந்தியாவிலேயே உருவாக்கிய முதல் மின்சார மோட்டார் வெளிவந்தது. இன்று நாடெங்கும் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டார்களில் கோவை என்ற பெயரைக் காண்கிறோமே, அந்த மரத்தின் விதைகளில் ஒன்று இது. நம் காவிரிக் கரைத் தோட்டங்களிலும் அந்த மோட்டார்களின் ஒலியைக் கேட்கலாம்.

பேட்டரியால் இயங்கும் ரேசண்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, காமிராவுக்குத் தூரத்தைச் சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஏமாற்ற முடியாத வாக்குப் பதிவுப் பொறி என்று அவருடைய பட்டியல் நீளும். வெளிநாடுகளுக்குச் சென்ற இடமெல்லாம் காமிராவோடு சென்றார். 1936ஆம் ஆண்டு லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்த தமிழர் அவர். பருத்தியிலும் பப்பாளியிலும் புதுமைகள் செய்து, உழவரின் மகன் என்பதையும் காட்டினார்.

1941ஆம் ஆண்டில், ஐந்து வால்வு ரேடியோப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952ஆம் ஆண்டில், இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அதைத் தயாரிக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் வராமலே போயிற்று. நான் வெர்னியர் பிடித்து அளந்த ஹெரால்டு எஞ்சின் சென்னையில் உருவானது அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதுவும் ஆங்கிலேயர் வரைபடத்தை வைத்து. கோவையில் நம்மவர் செய்த கார் ஓடியிருந்தால், எங்கள் கொட்டகையில் எந்த எஞ்சினைப் பிரித்துக் கொண்டிருப்போம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கல்லூரி கண்டவர்

பள்ளியை விட்டு ஓடிய அந்தச் சிறுவன் 1945ஆம் ஆண்டில் ஒரு தொழிற்கல்விக் கூடத்தையே உருவாக்கினார் என்பது எத்துணை வியப்பு! அந்நாளைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால், ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் கோவையில் தொடங்கியது. நிலமும் கருவிகளும் பொருளும் தந்ததோடு, அதன் முதல்வராகவும் இருந்தார். அதன் வழி வந்ததே இன்றைய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

அங்கும் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம், மீதி நேரம் வீண் என்பது அவர் எண்ணம். மாணவன் எந்திரத்தின் முன் நின்று கையால் வேலை செய்தால் விரைவில் கற்பான் என்று நம்பினார். அரசு இசையவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சற்று மனக் கலக்கம். என் தந்தையார் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்துக்காக வீடே காத்திருக்கிறது. பட்டப் படிப்பில் பாதி வீண் என்று ஒரு மேதை எண்ணினால், நான் செய்வது என்ன? பலநாள் யோசித்தேன். எனக்குத் தோன்றிய விடை இதுதான். நாயுடு அவர்கள் கல்வியை வெறுத்தவர் அல்லர். வெறுத்தவர் கல்விக்கூடம் காண மாட்டார். கையில்லாத கல்வியைத்தான் அவர் வெறுத்தார். ஏன் என்று கேட்கத் தெரியாத கையும் முழுமையாகாது, எங்கே என்று காட்டத் தெரியாத ஏடும் முழுமையாகாது. காலத்தைக் குறைப்பதில் அவரோடு நான் உடன்படவில்லை. எனக்கு மூன்று ஆண்டும் வேண்டும். ஆனால் அந்த மூன்று ஆண்டிலும் கையைக் கட்டிக் கொண்டு உட்காரக் கூடாது என்பதில் அவரோடு முழுதும் உடன்படுகிறேன்.

உடைத்த பொருள்கள்

அவர் வாழ்வில் ஒரு துயரமான பகுதியும் உண்டு. வரிகளும் கட்டுப்பாடுகளும் தம் கையைக் கட்டுகின்றன என்று மனம் நொந்து, 1950களில் தாம் செய்த பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையிலேயே உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். அவருடைய கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. 2,000 ரூபாய்க் காரைத் தடுத்துவிட்ட நாட்டில் வேறு எப்படித்தான் பேசுவது?

ஆயினும் மெக்கானிக்கின் மகனாகிய என் மனம் அதை ஏற்கவில்லை. எங்கள் கொட்டகையில் தேய்ந்த பிஸ்டனைக்கூட எறிய மாட்டோம். என்றாவது ஒரு சிறுவன் அதை எடுத்துப் பார்ப்பான். ரட்ஜ் வண்டியின் சொந்தக்காரர் அதை விற்காமல் உடைத்துப் போட்டிருந்தால் ஜி. டி. நாயுடு ஏது? மேதைகளை வணங்கலாம், அவர்கள் செய்த எல்லாவற்றையும் வணங்க வேண்டியதில்லை. பிரித்துப் பார்ப்பது என்பது அவர்கள் வாழ்க்கைக்கும் பொருந்தும் அன்றோ?

நிறைவு

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் ஜி. டி. நாயுடு மறைந்தார். அவர் நினைவைத் தாங்கிய அருங்காட்சியகம் கோவை அவினாசி சாலையில் இருக்கிறது. அதே சாலையில் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட, 10 கிலோமீட்டருக்கும் நீளமான மேம்பாலத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. மாட்டு வண்டிச் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து நின்ற இளைஞரின் பெயர், இன்று ஆயிரக்கணக்கான மோட்டார் வண்டிகள் ஓடும் பாலத்தின் மீது நிற்கிறது.

அவருடைய குடும்பத்தார் 2015ஆம் ஆண்டில் கோவையில் பழைய கார்களுக்கென ஒரு காட்சியகமும் தொடங்கினர். படிப்பு முடிவதற்குள் அப்பாவை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் ஆசை. ஒவ்வொரு வண்டியின் முன்மூடிக்கும் கீழே என்ன இருக்கிறது என்று அவர் சொல்ல, நான் குறித்துக் கொள்ள வேண்டும்.

ஸ்பிட்ஃபயரில் கழற்றிய பிளக் ஒன்று வண்டிக்காரர் மறந்துவிட்டுப் போனதால் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. முனையில் கரி படிந்திருக்கிறது. கலவையில் பெட்ரோல் மிகுதி என்று இப்போது எனக்கே சொல்லத் தெரியும்.

இந்த ஆண்டு கல்லூரியில் உதவித்தொகைக்கான படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடம் வந்தது. மோட்டார் மெக்கானிக் என்று தெளிவாக எழுதினேன். என் கை கூசவில்லை.